நுகர்வோர் ஆணையம்: கட்டணம் தாராளம், வாசல் கண்டிப்பு

பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம். பழுதான ஃபிரிட்ஜுக்கும், கைக்கு வராத காப்பீட்டுத் தொகைக்கும், சொன்ன தேதியில் சாவி கொடுக்காத அடுக்குமாடி வீட்டுக்கும் நியாயம் கேட்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் திறந்துவைத்திருக்கும் இந்தச் சேவை, சாதாரண மக்களுக்கு இந்தியாவில் கிடைக்கிற நல்ல சேவைகளில் ஒன்று. தயங்காமல் பயன்படுத்துங்கள் என்று சொல்லத்தான் இந்த மதிப்பீடு.

ஆனால் இங்கே தோற்கிற மனுக்களில் பல, பொருளில் குறை இல்லை என்பதால் தோற்பதில்லை. கையெழுத்துப் போட்டவருக்கு அந்த மனுவைப் போடும் தகுதி இல்லை என்பதால் தோற்கின்றன. கோர்ட் வட்டாரத்தில் இதை 'லோகஸ் இல்லை' என்பார்கள். எதிர்தரப்பு வக்கீலின் பதிலுரையில் முதல் ஆட்சேபமாக வருவது பெரும்பாலும் இதுதான்: 'முறையீட்டாளர் நுகர்வோரே அல்ல.' அந்த ஒரு வரி நின்றுவிட்டால் உங்கள் பில், வாரண்டி அட்டை, போட்டோ எதையும் ஆணையம் புரட்டிப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. அதனால்தான் இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்த வாசலைப் பற்றியது. மற்றவற்றை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம்.

எந்த ஆணையத்துக்குப் போவது என்பதை நீங்கள் கேட்கிற நஷ்டஈடு தீர்மானிப்பதில்லை; நீங்கள் கொடுத்த விலை தீர்மானிக்கிறது. 2021 டிசம்பர் இறுதியில் வந்த விதிகளின்படி 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேலே போனால் டெல்லியில் தேசிய ஆணையம். 30 ஆயிரம் ரூபாய் போனுக்கு 6 லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் அது மாவட்ட ஆணையம்தான், கட்டணமும் இல்லை. கட்டணம் 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று தனித்தனி மாவட்ட ஆணையங்கள் உண்டு. மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது. தென்மாவட்டங்களுக்கு மதுரையில் அதன் கிளை அமர்வு உண்டு.

2020 செப்டம்பரில் 'இ-தாக்கில்' என்று தொடங்கிய இணையவழி மனுவுக்கு 2025 ஜனவரி 1 முதல் 'இ-ஜாக்ரிதி' தளம் வந்திருக்கிறது. கைபேசி எண், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் எல்லாவற்றையும் பி.டி.எஃப்.பாக ஏற்றவேண்டும். தளம் பெயரைக் கேட்கும், முகவரியைக் கேட்கும், கொடுத்த தொகையைக் கேட்கும். உங்களுக்குத் தகுதி உண்டா என்று முடிவு செய்வது அதன் வேலை அல்ல. மனு ஏறிவிட்டது, எண் வந்துவிட்டது என்பதால் வாசலைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வேகம்தான் இந்தச் சேவையின் பெரிய பலவீனம். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்தில், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று பிரிவு 38 சொல்கிறது. நடைமுறையில் வருடக்கணக்கில் இழுக்கிறது. எதிர்தரப்பு பதிலுரை போட 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கறாராகச் சொன்னது நல்ல காரியம். 46-ஆவது நாள் பதிலுரை வந்தால் ஆட்சேபம் செய்ய மறக்காதீர்கள்.

கட்டணத்துக்கு 5-க்கு 5 கொடுக்கலாம். வேகத்துக்கு 2-க்கு மேல் மனசு வரவில்லை.

இனி வாசல்.

சட்டத்தின் பிரிவு 2(7) நுகர்வோர் யார் என்று சொல்கிறது. அதில் மூன்று அடுக்கு இருக்கிறது. ஒன்று, மறுபயன் கொடுத்து, அதாவது பணம் கொடுத்தோ, கொடுப்பதாகச் சொல்லியோ, தவணையிலோ ஒரு பொருளை வாங்கியிருக்கவேண்டும், அல்லது ஒரு சேவையைப் பெற்றிருக்கவேண்டும். வாங்கியவரின் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். இரண்டு, மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். மூன்று, இந்த விலக்குக்கு ஒரு விலக்கு: சொந்தமாகத் தொழில் செய்து வயிற்றைக் கழுவுவதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் அது வணிக நோக்கம் அல்ல.

இந்த மூன்றாவது அடுக்கில்தான் தமிழ்நாட்டின் சிறுதொழில்காரர்கள் பாதிப்பேர் நிற்கிறார்கள். இதற்கு அடித்தளமான தீர்ப்பும் ஒரு கோயம்புத்தூர் இயந்திரத்தைப் பற்றியதுதான். பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் சி.என்.சி. (கணினி இயக்கும்) இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், இயந்திரம் சரியில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இது பெரிய அளவில் லாபம் பார்க்க வாங்கிய இயந்திரம், வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று முடித்தது. அதே தீர்ப்பு சின்னத் தொழிலாளிக்குக் கதவையும் திறந்துவைத்தது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். லேத் வாங்கித் தானே இயக்குகிறவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. ஆனால் வண்டியை வாங்கி வேறொருவரிடம் ஓட்டக் கொடுத்து வாடகை வாங்கினால் போய்விடும். ஆக, மனுவில் நீங்கள் நிறுவவேண்டியது இயந்திரத்தின் விலையை அல்ல. அதில் யார் கை வைக்கிறது என்பதை.

ஒரு உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். தையல்காரர் ஒருவர் 62 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பவர் தையல் இயந்திரம் வாங்குகிறார். இரண்டே மாதத்தில் மோட்டார் நின்றுபோகிறது. மனுவில் பலரும் எழுதுவது இப்படி இருக்கும்: 'நான் தையல் நிறுவனம் நடத்தி வருகிறேன். மேற்படி இயந்திரம் பழுதானதால் என் வியாபாரத்தில் மாதம் 40 ஆயிரம் ரூபாய் லாபம் இழந்தேன்.' நஷ்டத்தைப் பெரிதாகக் காட்டும் ஆசையில் எழுதப்பட்ட இந்த இரண்டு வரிகளும் எதிர்தரப்புக்கு வேலையை மிச்சமாக்குகின்றன. நிறுவனம், வியாபாரம், லாபம் என்று மூன்று சொல்லையும் மனுதாரரே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அதே மனுவின் மூன்றாவது பத்தியை இப்படி எழுதலாம், உண்மை அதுவாக இருந்தால்:

'நான் தையல் வேலை செய்து பிழைக்கிறேன். என் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை. மேற்படி இயந்திரத்தை நானே இயக்குகிறேன். காஜா எடுக்கவும் பட்டன் தைக்கவும் ஒரு பெண்மணி உதவிக்கு வருகிறார். இயந்திரத்தை முழுக்க முழுக்க சுயதொழில் மூலம் ஜீவனம் நடத்தவே வாங்கினேன். ஆகவே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-இன் விளக்கப்படி நான் நுகர்வோர்.'

ஐந்தாறு வரிதான். இதையே பிரமாணப் பத்திரத்திலும் திரும்பச் சொல்லவேண்டும். மனுவில் மட்டும் இருந்தால் அது வாதம், பிரமாணத்தில் வந்தால்தான் சாட்சியம். கூடவே வைக்கவேண்டியவை: இயந்திரத்தில் உட்கார்ந்து தைக்கிற படம், வீட்டு முகவரியிலேயே தொழில் என்றால் அதற்கான அத்தாட்சி, கடன் வாங்கி வாங்கியிருந்தால் கடன் கடிதம். 'நஷ்டம்' என்று கேட்கும்போதும் லாப இழப்பு என்று எழுதாமல், வேலை செய்ய முடியாமல் போன நாட்களின் கூலி என்று எழுதுவது உண்மைக்கும் நெருக்கம், சட்டத்துக்கும் நெருக்கம்.

பில்லைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஜி.எஸ்.டி. எண் போட்டு, கடைப் பெயரில் பில் வாங்கி, உள்ளீட்டு வரிச் சலுகையும் (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைத் தொழிலில் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், எதிர்தரப்பு முதலில் நீட்டுகிற காகிதம் அதுவாகத்தான் இருக்கும். அதனாலேயே மனு தோற்றுவிடும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் இறங்கிப் பேசவேண்டிய நிலை வந்துவிடும். வீட்டுக்கு வாங்குகிற ஏ.சி.க்கும் டி.வி.க்கும் வரி மிச்சமாகும் என்று கடைப் பெயரில் பில் போடுவது பலரிடம் உள்ள பழக்கம். சில ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தப் போய், வழக்குப் போடும் தகுதியைச் சந்தேகத்துக்கு ஆளாக்கிக்கொள்கிறார்கள். வீட்டுப் பொருளுக்கு வீட்டுக்காரர் பெயரில் பில் வாங்குங்கள்.

நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதில் 2024 மே மாதம் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக ஒரு வரிசை போட்டுக் கொடுத்தது. பணம் கொடுத்து வாங்கினேன் என்பதை முறையீட்டாளர் காட்டவேண்டும். வணிக நோக்கம் என்று சொல்கிற எதிர்தரப்புதான் அதை நிரூபிக்கவேண்டும். அது நிரூபணமான பிறகே, இல்லை, என் பிழைப்புக்குத்தான் வாங்கினேன் என்று காட்டும் பொறுப்பு மறுபடி முறையீட்டாளருக்கு வரும். பதிலுரையில் 'வணிக நோக்கம்' என்று ஒற்றை வரி எழுதிவிட்டு, சாட்சியம் எதுவும் வைக்காத எதிர்தரப்புகள் ஏராளம். அப்போது இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'அவர்கள் நிரூபிக்கவில்லை' என்று சொன்னாலே போதும். கடந்த சில ஆண்டுகளில் சின்ன மனுதாரர்களுக்குக் கிடைத்த மிக உருப்படியான தீர்ப்பு இது என்பது எங்கள் கணிப்பு.

வாங்கியது நிறுவனம் என்றாலே வணிக நோக்கம் என்றும் ஆகிவிடாது. மும்பையில் ஒரு மருத்துவ அறக்கட்டளை தன் செவிலியர்கள் தங்குவதற்கு வீடுகள் வாங்கியது. லாபம் பார்க்கும் வேலையோடு அந்த வாங்கலுக்கு நேரடித் தொடர்பு இல்லை, ஆகவே அறக்கட்டளை நுகர்வோர்தான் என்று 2019-இல் தீர்ப்பானது. காப்பீட்டில் இது இன்னும் சாதகமாக இருக்கிறது. 2002 குஜராத் கலவரத்தில் எரிந்துபோன ஹர்சோலியா மோட்டார்ஸ் கடைக்குக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட வழக்கில், காப்பீடு என்பது நஷ்டத்தை ஈடுகட்டிக்கொள்ள எடுப்பது, லாபம் சம்பாதிக்க எடுப்பது அல்ல என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே கடைக்கு எடுத்த தீவிபத்துக் காப்பீடு, கிடங்குச் சரக்குக் காப்பீடு என்றால் கடைக்காரரே இங்கே தைரியமாக வரலாம். வங்கி விஷயத்தில் அந்தச் சாதகம் இல்லை. தொழிலைப் பெருக்க ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன்) வாங்கிய பங்குத் தரகர் ஒருவரை 2022-இல் நுகர்வோர் அல்ல என்று அனுப்பிவிட்டார்கள். தொழிலுக்கான நடப்புக் கணக்கு, ஓவர்டிராஃப்ட் தகராறுகளோடு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பில் ஒருவர் பெயரில், அவதி இன்னொருவருக்கு என்பது அடுத்த சிக்கல். அப்பா பணம் கொடுத்து வாங்கிய லேப்டாப்பை மகள் பயன்படுத்துகிறாள். மகளும் நுகர்வோர்தான், ஆனால் 'வாங்கியவரின் சம்மதத்தோடு' என்பதைக் காட்டவேண்டும். இதற்குச் சிறந்த வழி, இரண்டு பேரையும் முறையீட்டாளர்களாகச் சேர்த்துவிடுவது. முடியாவிட்டால் அப்பாவிடம் ஒரு பக்கப் பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற மகனுக்காக ஊரில் அப்பா வழக்கு நடத்தும்போது நடக்கிற தவறு வேறு. பவர் (மகனுக்காகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் தன் பெயரையே முறையீட்டாளராகப் போட்டுவிடுகிறார். வாங்கியவர் மகன் என்றால் முறையீட்டாளர் மகன்தான். 'அவருக்காக, அவருடைய பொது அதிகார முகவர்' என்றுதான் அப்பா வரவேண்டும். மனுவின் தலைப்பில் செய்யும் இந்த ஒரு பிழைக்காக மனு திரும்பி வரும்.

குழந்தைக்குச் சிகிச்சையில் தவறு நடந்தால் பெற்றோர் குழந்தையின் பெயரிலும் தங்கள் பெயரிலும் கேட்கலாம். 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்குத் தனியாக 5 லட்சமும் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு கோரிக்கையையும் தனித்தனியாக எழுதாவிட்டால் இரண்டாவது தொகை கைநழுவும். அரசு மருத்துவமனை என்றால் 1995-ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கம் வழக்கின் அளவுகோல்தான் இன்னும்: எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்கிற இடத்தில் நோயாளி நுகர்வோர் அல்ல, சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற இடத்தில், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோரே.

நுகர்வோர் இறந்துபோனால் வாரிசுகள் வரலாம், பிரிவு 2(5) அதை நேரடியாகவே சொல்கிறது. தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் முறையீட்டாளராகவோ, கையெழுத்துப் போட மறுப்பவர் எதிர்தரப்பாகவோ மனுவில் இருக்கவேண்டும். மூத்த மகன் மட்டும் போட்ட மனு, தங்கை பெயர் விடுபட்டது என்ற ஆட்சேபத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும். வழக்கு நடக்கும்போதே முறையீட்டாளர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போடவேண்டும்.

கட்டுமான நிறுவனத்திடம் வீட்டை முதலில் முன்பதிவு செய்தவரிடமிருந்து இடையில் வாங்கியவருக்கும் தகுதி உண்டு. லாரியட் பில்ட்வெல் வழக்கில் 2021 ஜூலையில் அது தீர்ந்துவிட்டது. கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்) பதிவு செய்யாதது என்றாலும் 'நபர்' என்ற வரையறைக்குள் வரும். கம்பெனி என்றால் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகல் இல்லாமல் மேலாளர் கையெழுத்து மட்டும் போதாது. வக்கீலின் சேவையில் குறை என்று இங்கே வரமுடியாது என்பது 2024 மே மாதத்தோடு முடிவாகிவிட்டது.

பலர் சேர்ந்து வழக்குப் போடுவதுதான் இந்தச் சேவையில் மிகவும் குழப்பமான பகுதி. அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் அதிகமாக அடிபடுவதும் இங்கேதான். மூன்று வழி இருக்கிறது, மூன்றுக்கும் தகுதி வேறு.

சங்கம் போடுகிற மனு என்றால் அது 'தன்னார்வ நுகர்வோர் சங்கமாக' இருக்கவேண்டும், ஏதாவது ஒரு சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கவேண்டும். பாதிக்கப்பட்டவர் அதில் உறுப்பினராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் குடியிருப்போர் சங்கம் என்று பெயர் இருந்தாலே போதும் என்று நம்பி வந்துவிடக்கூடாது. பெங்களூருவில் ஷோபா ஹிபிஸ்கஸ் குடியிருப்பின் சங்கம் 1972-ஆம் ஆண்டு கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி கட்டாயமாக அமைந்தது. சட்டக் கட்டாயத்தால் அமைந்த சங்கம் தன்னார்வச் சங்கம் அல்ல என்று சொல்லி 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதன் மனுவை ஏற்க மறுத்தது. சங்கத்தின் பதிவுச் சான்றிதழையும் அதன் நோக்கங்களைச் சொல்லும் துணைவிதிப் பக்கத்தையும் மனுவோடு வைத்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, ஒரே மாதிரி நலன் உள்ள அத்தனை பேருக்காகவும் ஒருவரோ சிலரோ போடுவது, பிரிவு 35(1)(சி). இதற்கு ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மனுவோடு தனியாக அனுமதி மனு, எல்லோருடைய குறையும் ஒன்றுதான் என்பதற்கான விவரம், பிறகு மற்றவர்களுக்குத் தெரியும்படி பொது அறிவிப்பு என்று வேலை இருக்கிறது. முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்பதால் ஆணையம் இதில் கறாராக இருப்பது நியாயம்தான். பிரிகேட் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 51 வீடுகளை வாங்கிய 91 பேர், 1,134 வீடுகள் உள்ள திட்டத்துக்கே பிரதிநிதிகளாக வந்தார்கள். மற்றவர்களின் குறையும் இதேதான் என்று மனுவில் போதுமான விவரம் இல்லை, ஆகவே எல்லோருக்குமான வழக்காக ஏற்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மனுவைத் தூக்கிப் போடவில்லை. அந்த 91 பேருக்கான கூட்டு மனுவாக நடத்திக்கொள்ளலாம் என்றது.

அதுதான் மூன்றாவது வழி. பத்துப் பேர் சேர்ந்து, தங்களுக்காக மட்டும், ஒரே மனுவில் கேட்பது. இதற்குப் பொது அறிவிப்பு வேண்டாம், ஊருக்கே பேசவும் வேண்டாம். ஒவ்வொருவரின் பிரமாணப் பத்திரமும், ஒப்பந்தத் தேதி, கட்டிய தொகை, கேட்கும் நிவாரணம் அடங்கிய ஓர் அட்டவணையும் போதும். பெரும்பாலான குடியிருப்புகளுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். மற்றவர்கள் சேரவில்லையே என்று காத்திருந்து, குறை தோன்றிய நாளிலிருந்து எண்ணப்படும் 2 வருடக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் தாமத மன்னிப்பு மனு தனியாகப் போடவேண்டும். அது கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

சங்கமாகவே நிற்கவேண்டும் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் வாசல் அகலமானது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 31, வீடு ஒதுக்கப்பட்டவர்களின் சங்கமும் புகார் கொடுக்கலாம் என்று நேரடியாகவே சொல்கிறது.

பொருளை வாங்கவே இல்லை, விளம்பரம் பொய் என்று மட்டும் தெரியும் என்பவர்களுக்கு இங்கே லோகஸ் கிடையாது. ஆனால் அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. பிரிவு 17-இன்படி யார் வேண்டுமானாலும் மாவட்ட ஆட்சியருக்கோ, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ எழுத்திலோ மின்னஞ்சலிலோ புகார் அனுப்பலாம், நுகர்வோர் கூட்டத்துக்கே கெடுதல் என்றால் போதும். அந்த மத்திய ஆணையம் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடலாம், அதே தவறு தொடர்ந்தால் 50 லட்சம் வரை. உங்கள் கைக்குப் பணம் வராது, விளம்பரம் நிற்கும். தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி 1915-க்கும் லோகஸ் கேள்வி இல்லை. வழக்குக்கு முன் அங்கே ஒரு புகார் போட்டு, அதன் எண்ணை மனுவில் குறிப்பிடுவது நல்லது.

மின்சாரம், தபால், போக்குவரத்து, காப்பீடு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைத் தகராறு என்றால் நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே நுகர்வோரா இல்லையா என்ற கேள்வியே எழாது, 1 கோடி ரூபாய் வரை எடுப்பார்கள், கட்டணமும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் வணிக நோக்கம் என்று அடிபடும் பயம் உள்ள தொழில்காரர்கள் இதை ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எங்களுக்கு வருத்தமான விஷயம்.

இனி, வாசலில் நிறுத்தப்பட்டால் என்ன செய்வது. மனு வந்த 21 நாளுக்குள் ஏற்பதா வேண்டாமா என்று சாதாரணமாக முடிவு செய்யவேண்டும், அந்தக் கெடுவுக்குள் முடிவு செய்யாவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும், உங்களைக் கேட்காமல் தள்ளுபடி செய்யக்கூடாது. இது பிரிவு 36. அலுவலகம் குறை சுட்டித் திருப்பி அனுப்புவதும் ஆணையம் தள்ளுபடி செய்வதும் வேறு வேறு. திருப்பி அனுப்பினால் குறையைச் சரிசெய்து மறுபடி போடலாம். முதல் நாள் விசாரணைக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்து, எதற்காக வாங்கினேன், யார் பயன்படுத்துகிறார், 2(7)-இன் எந்தப் பகுதியில் வருகிறேன். உறுப்பினர்கள் கேட்பதும் இந்த ஐந்தைத்தான். தள்ளுபடி ஆனால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு.

மேல்முறையீட்டிலும் நுகர்வோர் அல்ல என்றே முடிந்தாலும் உரிமை செத்துவிடவில்லை, உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே காலவரம்பு 3 வருடம் என்பதால், ஆணையத்தில் கழிந்த காலமே உங்களைக் கெடுவுக்கு வெளியே தள்ளிவிடலாம். லக்ஷ்மி இன்ஜினியரிங் தீர்ப்பின் கடைசியில் இதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள்: காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 14-இன் கீழ், நல்லெண்ணத்தோடு தவறான மன்றத்தில் செலவான நாட்களைக் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். அதனால் தள்ளுபடி உத்தரவு வாசிக்கும்போதே எழுந்து நின்று, உரிமையியல் நீதிமன்றம் போகும் சுதந்திரத்தையும் பிரிவு 14-ஐயும் உத்தரவில் பதிவு செய்யுங்கள் என்று கேளுங்கள். அன்றைக்கே சான்றிட்ட நகலுக்கு எழுதிக் கொடுங்கள். மனு போட்ட தேதியும் உத்தரவுத் தேதியும் நகலில் சரியாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். கழிக்கவேண்டிய நாட்களை அந்த இரண்டு தேதியை வைத்துத்தான் எண்ணுவார்கள்.